கேஸ் குறைகிறது, என்ஜின் இழுக்கவில்லை: கழிவு எரிவாயு மின் நிலையத்தில் எங்கே பார்ப்பது?

எங்கள் நிலையம் சிறியது. சந்தையிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் நாளொன்றுக்கு 5 டன் கழிவு வரும். அதை அரைத்து, சம அளவு தண்ணீர் கலந்து, 400 கன மீட்டர் டைஜஸ்டர் தொட்டிக்குள் விடுகிறோம். உள்ளே 40 நாள் கிடந்து செரிக்கிறது. வருகிற கேஸ் பலூனில் சேர்ந்து, கந்தக வடிகட்டி, தண்ணீர் பிரிக்கும் குப்பி, கேஸை உறிஞ்சித் தள்ளும் புளோயர் வழியாக 40 கிலோவாட் ஜென்செட்டுக்குப் போகிறது. நல்ல நாளில் 400 கன மீட்டர் கேஸும் 600 யூனிட் மின்சாரமும் கிடைக்கும். கோயம்பேடு சந்தையில் 2005-ல் 30 டன் காய்கறிக் கழிவுக்கென்று அமைத்த நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இது குழந்தை. ஆனால் தொட்டிக்குள் வேலை செய்கிற நுண்ணுயிர்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான், அவற்றுக்கு வருகிற நோயும் ஒன்றுதான். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் சின்னத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பாதிக்கு மேல் உதவும்.

ஷிஃப்ட்டில் புதிதாகச் சேருகிற தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கோளாறு தெரிந்ததும் வால்வைத் தொடாதே, பதிவேட்டைப் பின்னால் புரட்டு. இன்று என்ஜின் அறையில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் நாலு நாள், ஒரு வாரம் முன்னால் அரவை மேடையில் தொடங்கியிருக்கும். அன்றைக்கு எந்த வண்டி வந்தது, அதில் என்ன இருந்தது, எத்தனை கிலோ உள்ளே போனது என்று எழுதி வைக்காத நிலையத்தில் எந்த நிபுணர் வந்தாலும் ஊகம்தான் சொல்ல முடியும்.

எதையும் தொடும் முன்

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாற்றம் நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 100 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். வாடையே இல்லையே என்று நினைக்கிற அந்த இடத்தில்தான் ஆபத்து அதிகம். 500 பிபிஎம்முக்கு மேல் போனால் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும், தொட்டிக்குள் செரிக்கிற கழிவுக் குழம்பான ஸ்லரி வெளியேறும் குழியிலும் தங்கி நிற்கும்.

ஆகவே தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. ஒரு நிமிட வேலைக்கும் கூடாது, மோட்டார் மாட்டிக்கொண்டாலும் கூடாது. ஒருவர் விழுந்து, அவரைத் தூக்க இன்னொருவர் குதித்து, இருவரும் போன செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். உள்ளே விழுந்தது இரும்பு என்றால் இரும்பு போகட்டும். ஆக்சிஜன், மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டுகிற கைக்கருவி இடுப்பில் இல்லாமல் டைஜஸ்டர் பக்கமே போகாதீர்கள். நம் கேஸில் எரிகிற பகுதியான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதம் வரை கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். கேஸ் கசிகிற இடத்தில் செல்போனையும் கிரைண்டரையும் தூர வையுங்கள்.

கேஸ் குறைந்துவிட்டது

முதல் கேள்வி: கேஸ் உண்டாகவில்லையா, உண்டான கேஸ் வந்து சேரவில்லையா? இதைப் பிரிக்காமல் மருந்து போடத் தொடங்கினால் வாரம் வீணாகும்.

என்ஜினுக்குப் போகிற வால்வை ஒரு மணி நேரம் மூடிவிட்டு பலூனைப் பாருங்கள். வழக்கம்போல ஏறுகிறது என்றால் டைஜஸ்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு பலூனுக்கு அப்பால். ஏறவில்லை என்றால் உடனே டைஜஸ்டர் கெட்டுப்போனது என்று முடிவு கட்டாதீர்கள். சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். மேன்ஹோல் கேஸ்கெட், கலக்கியின் தண்டு உள்ளே நுழைகிற சீல், குழாய் இணைப்பு, பலூன் தையல் என்று வரிசையாகப் பூசிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் அங்கேதான் உங்கள் யூனிட் போய்க்கொண்டிருக்கிறது.

கோடையில் எல்லோரும் மறக்கிற ஓர் இடம் உண்டு. அழுத்தம் மிகுந்தால் கேஸை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு பல நிலையங்களில் நீர் சீல் வகைதான். சின்ன வாளியில் நிற்கிற தண்ணீரின் உயரமே அதன் அழுத்தம். கத்திரி வெயிலில் அந்தத் தண்ணீர் தினம் தினம் வற்றும். 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 10 இருந்தால் கேஸ் சத்தமே இல்லாமல் ஆகாயத்துக்குப் போகும். ஒரு மே மாதம் ஒன்பது நாள் நாங்கள் நுண்ணுயிரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் குறை அந்த வாளியில். இப்போதெல்லாம் காலை ஷிஃப்ட்டின் முதல் வேலை அதில் தண்ணீர் ஊற்றிக் கோட்டுக்கு நேராக்குவது. போகிற கேஸ் மின்சார நஷ்டத்தோடு நிற்பதில்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கழிவைக் குப்பைமேட்டில் அழுகவிடாமல் இங்கே கொண்டுவருவதன் நோக்கமே அதுதானே.

கசிவும் இல்லை, பலூனும் ஏறவில்லை. சரி, இப்போது தொட்டிக்கு வருவோம்.

தொட்டி புளிக்கிறது

செரிமானத்தை இரண்டு நுண்ணுயிர்க் கூட்டங்கள் நடத்துகின்றன. ஒரு கூட்டம் கழிவை உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். முதல் கூட்டம் வேகமாகப் பெருகும், எதையும் தாங்கும். இரண்டாவது மெதுவாக வளரும், எதற்கும் வாடும். தீனி அதிகமானால் முதல் கூட்டம் அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும், இரண்டாவதால் ஈடு கொடுக்க முடியாது. அமிலம் சேரச் சேர அது இன்னும் சோர்ந்துபோகும். இதைத்தான் தொட்டி புளிக்கிறது என்கிறோம்.

புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6.8 முதல் 7.5 வரை இருக்க வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. உண்மைதான். ஆனால் பி.எச். தாமதமாகத்தான் பேசும். தொட்டியில் கரைந்திருக்கிற காரம் அமிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கும் வரை மீட்டர் 7.2 என்றே காட்டும். காரம் தீர்ந்த பிறகு இரண்டே நாளில் 6.3-க்கு இறங்கும். அப்போது நீங்கள் செய்யக்கூடியது குறைவு. ஆகவே அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள விகிதத்தை வாரம் இரண்டு முறை பாருங்கள். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு பியூரெட், பி.எச். மீட்டர், 0.1 நார்மல் கந்தக அமிலம் போதும்.

ஸ்லரியை வடிகட்டி 20 மில்லி எடுங்கள். கலக்கிக்கொண்டே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 5.0 வரை கொண்டுவாருங்கள். செலவான மில்லியை 250-ஆல் பெருக்கினால் காரம், லிட்டருக்கு மில்லிகிராமில். தொடர்ந்து 5.0-லிருந்து 4.4 வரை இறக்க எத்தனை மில்லி ஆனது என்று பாருங்கள். அதை 1.66-ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500-ஆல் பெருக்கினால் அமிலம், அதே அளவில். அமிலத்தைக் காரத்தால் வகுங்கள். எங்கள் தொட்டி நன்றாக இருந்த ஒரு நாளில் முதலாவதுக்கு 36 மில்லி, இரண்டாவதுக்கு 3.6 மில்லி. காரம் 9000, அமிலம் ஏறத்தாழ 2900, விகிதம் 0.32. கெட்டுப்போன வாரத்தில் 28 மில்லியும் 6 மில்லியும். காரம் 7000, அமிலம் 4900, விகிதம் 0.70. அந்த இரண்டாவது நாளிலும் பி.எச். மீட்டர் 7.1 என்றுதான் சொன்னது.

0.3-லிருந்து 0.4 வரை நிம்மதியாக இருக்கலாம். 0.5-ஐத் தொட்டால் தீனியைப் பாதியாக்குங்கள். 0.6-க்கு மேல் போனால் தீனியை முழுக்க நிறுத்துங்கள், கலக்கியை மட்டும் வழக்கம்போல ஓட்டுங்கள். நகராட்சி வண்டி வாசலில் நிற்கும், வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் அந்த 5 டன்னை வாங்கினால் அடுத்த இரண்டு மாதத்துக்கு எதையும் வாங்க முடியாமல் போகும். அந்த நாட்களுக்கு உரக்கிடங்கு போன்ற மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

அப்புறம் சுண்ணாம்பு. தொட்டி புளித்தது என்றதும் பலர் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்பு மேலே இருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மூடிய தொட்டிக்குள் அழுத்தம் திடீரென்று இறங்கி, பலூனோ கூரையோ உள்ளே இழுபடும், காற்றும் உள்ளே வரும். ஓரளவுக்கு மேல் போட்டால் அது சுண்ணக்கல்லாகி அடியில் படியுமே தவிர பி.எச். ஏறாது. சமையல் சோடா பாதுகாப்பானது, ஆனால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். காரத்தை லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கூட்ட, லிட்டருக்கு 1.68 கிராம் சோடா வேண்டும். எங்கள் 400 கன மீட்டருக்கு அது 670 கிலோ. விலையைக் கேட்டதும் தீனியை நிறுத்துவதுதான் மலிவான மருந்து என்று புரியும். சோடாவை அவசரத்துக்குத் தாங்குகோலாக மட்டும் வையுங்கள்.

விகிதம் 0.4-க்குக் கீழே வந்ததும் வழக்கமான தீனியில் கால் பங்கு போட்டுத் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மீண்டும் ஏறுகிறதா என்று ஒவ்வொரு படியிலும் அளந்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அருகில் நன்றாக ஓடுகிற சாண எரிவாயுத் தொட்டி இருந்தால் அதன் ஸ்லரியை ஒரு டேங்கர் வாங்கி விடுவது பச்சைச் சாணத்தைவிட நன்றாக வேலை செய்யும். மாட்டுக்கு ஊசி போட்ட வாரத்துச் சாணம் மட்டும் வேண்டாம். அதில் வருகிற ஆன்டிபயாட்டிக் நம் கூட்டத்தையும் கொல்லும்.

ஏன் புளித்தது? இங்கேதான் பதிவேடு. எங்கள் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வருகிறவை சில. முகூர்த்த நாளுக்கு மறுநாள் மண்டபத்திலிருந்து சோறும் பாயசமும் இனிப்பும் டன் கணக்கில் வரும். எடையில் காய்கறிக்குச் சமமாக இருக்கும், ஆனால் காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். சோற்றில் அப்படி இல்லை. ஒரு டன் சோறு இரண்டு மூன்று டன் முட்டைக்கோசு இலைக்குச் சமம் என்று வைத்துத்தான் தீனியைக் கணக்கிட வேண்டும். ஒரு கன மீட்டர் தொட்டிக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோ எரியக்கூடிய திடப்பொருள் (தண்ணீரும் சாம்பலும் நீங்கலான பகுதி) என்பதுதான் உணவுக் கழிவுக்கு நாங்கள் வைத்திருக்கிற எல்லை. வாளியையும் வண்டியையும் எண்ணுவது கணக்காகாது.

இன்னொன்று ஆயுத பூஜை. மறுநாள் எலுமிச்சையும் பூசணியுமாக வரும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் இருக்கிற லிமோனீன் என்ற எண்ணெய் மீத்தேன் கூட்டத்துக்கு நஞ்சு. கொஞ்சம் கலந்தால் தெரியாது, ஒரே நாளில் நூறு கிலோ போனால் தெரியும். நாங்கள் அவற்றைத் தனியாக ஒதுக்கி உரக்கிடங்குக்கு அனுப்பிவிடுகிறோம். உடைத்த பூசணியில் காசு இருக்கும், அதையும் பாருங்கள். அரவை இயந்திரத்தின் கத்தியில் ஒரு ரூபாய் நாணயம் ஏற்படுத்திய பள்ளத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்றாவது, ஓட்டல் தரை கழுவிய பினாயில், பிளீச்சிங் பவுடர் தண்ணீர் எச்சில் டிரம்மில் கலந்து வருவது. டிரம்மைத் திறந்ததும் மோந்து பாருங்கள், மருந்து வாடை அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வெப்பத்தையும் ஒரு முறை பாருங்கள். 35 டிகிரி நல்லது. நம் ஊர் வெயிலில் வெப்பம் போதுமே என்பது ஐப்பசி மழை வரும் வரைதான். குளிர்ந்த மழைத் தண்ணீரில் கலந்த தீனி ஒரு வாரம் தொடர்ந்து போனால் தொட்டி 35-லிருந்து 29-க்கு வந்துவிடும். என்ஜினைக் குளிர்விக்கும் சுடு தண்ணீரை வீணாக ரேடியேட்டரில் ஆற்றாமல் ஒரு வெப்பமாற்றி வழியாகத் தொட்டிக்குக் கொடுங்கள். நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நுரை பொங்குகிறது

நுரை வந்த அன்று முதலில் பார்க்க வேண்டியது அழுத்தமானி. நுரை கேஸ் குழாயில் ஏறி, காய்ந்து, பாதுகாப்பு வால்வின் வழியை அடைத்துவிடும். அது அடைபட்டால் தொட்டிக்கு மூச்சு விட வழியில்லை. அந்த வழி திறந்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் மற்றது.

தீனியை நிறுத்தி, ஸ்லரியை அரை மீட்டர் இறக்கி, நுரைக்கு இடம் கொடுங்கள். கலக்கி வேகமாக ஓடினால் நுரை கூடும், மெதுவாக்குங்கள். சமையல் எண்ணெய் சில லிட்டர் மேலே தெளித்தால் நுரை உடையும். ஆனால் எண்ணெயும் தீனிதான், நாள்தோறும் செய்யாதீர்கள். பருப்பு, மோர், மீன், முட்டை அதிகமாக வந்த வாரத்திலும், பாத்திரம் துலக்குகிற சோப்புத் தண்ணீர் டிரம்மில் கலந்தாலும் நுரை வரும். விகிதத்தை அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் நுரைக்குக் காரணம் மேலே சொன்ன புளிப்பேதான், மருந்தும் அதேதான்.

மூக்கை அரிக்கிற வாடை, பி.எச். 8-க்கு மேல்

இது அம்மோனியா. கோழிக்கடை, மீன்கடைக் கழிவு அதிகமாகப் போயிருக்கும். நாமக்கல் பக்கம் கோழி எச்சத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது தினசரிப் போராட்டம். மொத்த அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 3000 மில்லிகிராமைத் தாண்டினால் கேஸ் இறங்கத் தொடங்கும். தண்ணீரைக் கூட்டி, காய்கறியும் இலையுமாகக் கொடுத்து, கார்பனும் நைட்ரஜனும் 20-க்கு 1 முதல் 30-க்கு 1 வரை இருக்கும்படி சமன்படுத்துங்கள். அமிலம் ஊற்ற வேண்டாம்.

என்ஜின் தடுமாறுகிறது

சத்தத்தைக் கேளுங்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சிரைப்பதுபோல ஓடுகிறது என்றால் 90 சதவீத வாய்ப்பு, குழாயில் தண்ணீர். 35 டிகிரியில் தொட்டியை விட்டு வருகிற கேஸ் ஒரு கன மீட்டருக்கு 40 கிராம் நீராவியைச் சுமந்து வரும். 25 டிகிரிக்கு ஆறினால் 23 கிராம்தான் தாங்கும். மீதி 17 கிராம் குழாயிலேயே தண்ணீராக விழும். எங்கள் 400 கன மீட்டர் கேஸுக்கு அது நாளுக்கு ஏறத்தாழ ஏழு லிட்டர். மார்கழி விடியற்காலையில் இன்னும் கூடும். அது போவதற்குக் குழாய் சரிவாக இருக்க வேண்டும், தாழ்ந்த இடத்தில் வடிகால் குப்பி இருக்க வேண்டும்.

எங்களுக்கு நடந்தது இது. கோடையில் பிளாஸ்டிக் குழாய் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே நாலு விரல் அளவுக்குத் தொய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் அந்தத் தொய்வில் தண்ணீர் தங்கிற்று. காதைக் குழாயில் வைத்தால் சட்டி கொதிப்பதுபோலக் களக்களவென்று கேட்டது. கேஸ் அழுத்தத்தைக் காட்டும் யு-குழாய் மானியில் தண்ணீர் நிலையாக நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் துள்ளல்தான் அடையாளம். கார்பரேட்டரையும் கவர்னரையும் மாற்றி மாற்றித் திருகிய இரண்டு நாளைக்கு அப்புறம் தாங்கி ஒன்று கூடுதலாக வைத்தோம், முடிந்தது.

துள்ளல் இல்லை, ஆனால் லோடு ஏற்றினால் படுத்துவிடுகிறது என்றால் கேஸின் தரத்தைப் பாருங்கள். மீத்தேனை மட்டும் பார்க்காமல் கரியமில வாயுவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். இதைச் சொல்லிக்கொடுத்தது எனக்கு முன் இங்கே இருந்த பெரியவர், இன்றுவரை கைவிட்டதில்லை. நல்ல கேஸில் மீத்தேன் 58, கரியமிலம் 40, கூட்டினால் 98. மீத்தேன் 48, கரியமிலம் 50 என்றால் கூட்டுத்தொகை அதே 98. அப்படியானால் தொட்டிக்கு உடம்பு சரியில்லை, மேலே போய் விகிதத்தை அளங்கள். மீத்தேன் 48, கரியமிலம் 33, கூட்டினால் 81 என்றால் மீதி 19 எங்கிருந்து வந்தது? வெளிக்காற்று. புளோயரின் உறிஞ்சும் பக்கத்தில் ஏதோ ஓர் இணைப்பு வாய் திறந்திருக்கிறது. அங்கே சோப்புத் தண்ணீரில் கொப்புளம் வராது, நுரை உள்ளே இழுபடும். இதைக் கண்டதும் என்ஜினை நிறுத்துங்கள். குழாய்க்குள் காற்றும் மீத்தேனும் ஒன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

தரமும் சரி, தண்ணீரும் இல்லை என்றால் பிளக் இடைவெளி, இக்னிஷன் டைமிங், காற்று வடிகட்டி, வால்வு இடைவெளி. அது எந்த என்ஜினுக்கும் உள்ளதுதான், மெக்கானிக்குக்குத் தெரியும்.

ஆயில் சீக்கிரம் கறுக்கிறது, பேரிங் தேய்கிறது

கந்தகம் உள்ளே போகிறது. ஹைட்ரஜன் சல்பைடு எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, ஆயிலின் காரச் சத்தைத் தின்றுவிடும். செம்பு கலந்த பேரிங்குகளைக் கறுக்கடிக்கும். என்ஜின் சூடாகாமல் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இன்னும் மோசம், ஆறும்போதுதான் அமிலம் படியும். ஒரு நாளில் ஆறு தடவை இரண்டு மணி நேரமாக ஓட்டுவதைவிட ஒரே மூச்சில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுங்கள்.

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் பிபிஎம் அளங்கள். பின்னால் 200-ஐத் தாண்டினால் எங்கள் கணக்கில் வடிகட்டி தீர்ந்தது. லேத் பட்டறையிலிருந்து வருகிற இரும்புச் சுருளைத் துருவேற்றி நிரப்பியிருக்கிறோம். துரு இருக்கும் வரை செம்பழுப்பு, தீர்ந்தால் கறுப்பு. மாற்றும்போது கவனம்: கறுத்த இரும்பு சல்பைடு காற்றுப் பட்டதும் சூடேறி, தானாகவே கனலத் தொடங்கும். டிரம்மைத் திறக்கும் முன் தண்ணீரில் மூழ்கடித்து, நனைந்தபடியே வெளியே எடுத்து, வெறுந்தரையில் பரப்பி, மேலும் மேலும் தண்ணீர் தெளியுங்கள். சாக்கில் கட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இதைவிட மலிவான முதல் தடுப்பு, தொட்டியின் மேல்பகுதிக்குள் சிறிது காற்று விடுவது. கேஸ் உற்பத்தியில் 2 முதல் 5 சதம் போதும். கந்தகம் தின்னும் நுண்ணுயிர்கள் அதை மஞ்சள் தூளாகச் சுவரிலேயே படியவைக்கும். எங்களுக்கு 4 சதம் என்றால் நிமிடத்துக்கு 11 லிட்டர், மீன்தொட்டிக்கு வைப்பதுபோன்ற ஒரு சின்னப் பம்பு அளவு. பெரிய கம்பிரஸரை இணைத்து வால்வை நம்பியிருக்காதீர்கள். பம்பே அதற்கு மேல் தர முடியாதபடி சின்னதாக இருக்க வேண்டும். கேஸ் உற்பத்தி நின்றால் பம்பும் தானாக நிற்க வேண்டும்.

சிலிண்டர் தலையைக் கழற்றியதும் வெள்ளையாக மணல்போலப் படிந்திருக்கிறதா? காய்கறிக் கழிவில் அது வருவதில்லை. கழிவுநீர் நிலையத்திலும் குப்பைமேட்டிலும் வருகிற கேஸில் ஷாம்பு, அழகுசாதனப் பொருள்களிலிருந்து வரும் சிலாக்சேன் எரிந்து சிலிக்காவாகப் படிவது அது. கரி வடிகட்டிதான் வழி.

கலக்கி மோட்டாரின் ஆம்பியர் மாறுகிறது

இறங்கினால் விசிறி கழன்றுவிட்டது அல்லது கப்ளிங் போய்விட்டது. ஏறினால் இரண்டு காரணம்: ஸ்லரியின் மேலே பாலாடைபோல ஆடை கட்டியிருக்கிறது, அல்லது தண்டில் ஏதோ சுற்றியிருக்கிறது. வழக்கமாக 9 ஆம்பியர் எடுக்கிற மோட்டார் பத்து நாளில் மெல்ல மெல்ல 13-க்கு வந்தால் சுற்றல்தான். ஆடை என்றால் கலக்கியை நிறுத்திவிட்டுத் தொடங்கும்போது மட்டும் ஏறி, அப்புறம் இறங்கும்.

ஒரு பங்குனி உத்திரத்துக்குப் பிறகு கோயில் பூக்கழிவு மூன்று வண்டி வந்தது. பூ நல்ல தீனி, நாங்கள் மகிழ்ச்சியாக வாங்கினோம். மாலை கட்டிய நூலை யாரும் நினைக்கவில்லை. கிரேன் வைத்துக் கலக்கியை வெளியே எடுத்தபோது விசிறிக்கு மேலே தண்டைச் சுற்றி வாழைநாரும் நைலான் நூலும் பின்னி, தொடை கனத்துக்கு ஒரு வடம். கறுத்துப்போன அதைச் சின்ன ரம்பத்தால் அறுத்தோம். உள்ளே ஓர் அங்குலத்தில் செவ்வந்திக் காம்புகள் இன்னும் பச்சையாக இருந்தன. வாழைநார் என்றைக்காவது செரிக்கும், நைலான் செரிக்கவே செரிக்காது. இப்போது பூவை உதிர்த்து வாங்குகிறோம், மாலையாக வந்தால் வாங்குவதில்லை. வாழைத்தண்டு, தேங்காய் நார், கரும்புத் தோகை மூன்றும் அரவைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடை கட்டுவது பெரும்பாலும் அவற்றால்தான்.

எல்லாம் சரி, யூனிட் மட்டும் வருடாவருடம் குறைகிறது

எந்த அலாரமும் அடிக்காது. விகிதம் சரி, கேஸ் தரம் சரி, என்ஜின் சரி. ஆனால் முன்பு ஐந்து டன்னைத் தாங்கிய தொட்டியில் இப்போது நாலு டன்னுக்கே விகிதம் ஏறுகிறது. தொட்டி சிறுத்துவிட்டது என்று பொருள். அடியில் மண்.

ஸ்லரி வெளியேறும் பக்கத்து அளவுக்குழாய் வழியாக ஒரு நீளமான கம்பியை விட்டுப் பாருங்கள். எங்கள் கம்பி தரையைத் தொட 6 மீட்டர் போக வேண்டும். ஏழாவது வருடம் நாலரை மீட்டரில் நின்றது. நாலில் ஒரு பங்கு தொட்டி மண்ணாகிவிட்டது. 40 நாள் கிடக்க வேண்டியது 30 நாளில் வெளியே வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் புதிய கட்டுப்பாட்டு மென்பொருள், பெரிய திரை, புதிய என்ஜின் என்று விலைப்பட்டியலோடு ஆட்கள் வருவார்கள். நவீனமாக்குவது நல்லதே, வரிசை முக்கியம். முதலில் கேஸ் அளவுமானியும் நான்கு வாயு காட்டும் கருவியும், அப்புறம் விகிதம் அளக்கிற பியூரெட், அப்புறம் என்ஜின் சூட்டைத் தொட்டிக்குத் திருப்பும் வெப்பமாற்றி, கலக்கி மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடு. திரை கடைசியில். மண் நிறைந்த தொட்டிக்குத் திரை வைத்தால் மண் நிறைந்திருப்பதைத் திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மண் எடுக்க ஆளை இறக்காதீர்கள். அடி வால்விலிருந்து ஸ்லரி பம்பால் இழுத்து, வெளியே மண் படிந்த பிறகு தெளிந்த ஸ்லரியை அழுத்தத்தோடு அடியில் பாய்ச்சிக் கிளறி, மறுபடி இழுத்து, இப்படியே பதினெட்டு நாள் செய்தோம். தொட்டியைத் திறக்கவே இல்லை. கேஸ் அந்த நாட்களில் பாதியானது, நிற்கவில்லை.

மண் வந்தது உருளைக்கிழங்கு, கேரட், இஞ்சி, கீரை வேரிலிருந்து. அரவைக்கு முன்னால் கழுவித் தேக்குகிற ஒரு சின்னச் சிமெண்ட் தொட்டி கட்டினோம். அதில் படிகிறதை வாளியால் அள்ளி, எத்தனை வாளி என்று பதிவேட்டில் எழுதுகிறோம். சென்ற வாரம் பதினொன்று.